தோள்பட்டைக்கு எம்ஆர்ஐ: வலியைச் சொல்வதிலிருந்து அறிக்கையைப் படிப்பது வரை

ஒரு கட்டுமான ஊழியருக்கு மொழிபெயர்க்கத் துணைக்குப் போயிருந்தேன். அதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு முறை "கை வலிக்குது" என்று சொல்லியிருக்கிறார். யாரோ அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நமக்குத் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சொல், மேலே ஒரு சொல், தோளுக்கு இன்னொரு சொல். அவருக்கு வலி இருந்தது தோளில். சாரக்கட்டிலிருந்து சறுக்கியபோது ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். அந்த விவரத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் போகும் தமிழ் ஊழியர்களுக்கும், அக்கம்பக்கத்து வயதானவர்களுக்கும் பேச்சுத் துணையாகப் போகிறவன். எனக்கும் ஒருமுறை தோளில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவருக்கு எங்கெங்கே கால் இடறுகிறது என்று பார்த்துப் பார்த்து மனதில் பதிந்தவற்றை எழுதுகிறேன்.

தோளில் கிழிவது எது

தோள் மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். கிண்ணம் ரொம்ப ஆழமில்லாதது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் பந்தைப் பிடித்து நிறுத்த வேறு ஏற்பாடும் வேண்டியிருக்கிறது. நான்கு தசைகளின் நாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார்கள், சட்டைக் கையின் ஓரம்போல் பந்தைச் சுற்றி அணைத்துக்கொண்டிருக்கின்றன. இதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். மேலே சுப்ராஸ்பினாட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பினாட்டஸும் டெரெஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் பெயரை மட்டும் நினைவில் வையுங்கள். தோள் முகட்டு எலும்புக்கு அடியில் இடுக்கில் ஓடும் நாண் அது. பெரும்பாலும் கிழிவது அதுதான்.

விழுந்து கிழிவது ஒரு வகை. வருடக்கணக்கில் தேய்ந்து நைவது இன்னொரு வகை. கூரைக்குச் சாயம் அடிப்பவர், தலைக்கு மேல் துளையிடுபவர், பரோட்டா வீசும் மாஸ்டர், வீட்டு ஜன்னலைத் துடைக்கும் அக்கா எல்லாரும் இரண்டாம் வகைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். பின்னால் சிகிச்சையை முடிவு செய்யும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக வரும்.

முதல் வேலை: வலியைச் சரியாகச் சொல்வது

விரலால் தொட்டுக் காட்டுங்கள். நாண் கிழிந்த வலி பெரும்பாலும் தோளின் உச்சியில் தெரிவதில்லை. புஜத்தின் வெளிப்பக்கத்தில், அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்தை ஒட்டித் தெரியும். "இங்கே வலிக்கிறது, ஆனால் தோள் அசையும்போதுதான் வலிக்கிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து நேரம். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறதா? சட்டை மாட்டும்போதா, பின்னல் போடும்போதா, பேருந்தில் மேல் கைப்பிடியைப் பிடிக்கும்போதா? குத்தல் வேறு, கடுப்பு வேறு, மரத்துப்போவது வேறு. விரல்வரை மரத்துப்போனாலோ சுருசுருவென்று இருந்தாலோ கோளாறு கழுத்து நரம்பில் இருக்கலாம். அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மிக முக்கியமான கேள்வி இது: கையைத் தூக்க முடியாதது வலியாலா, பலம் இல்லாததாலா? நீங்களாகத் தூக்கும்போது ஏறாத கையை இன்னொருவர் தாங்கித் தூக்கினால் ஏறுகிறது என்றால் நாண் மேல் சந்தேகம் வரும். இன்னொருவர் தூக்கினாலும் ஒரு கட்டத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டால் அது உறைந்த தோளாக, அதாவது மூட்டே இறுகிப்போனதாக, இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. உறைந்த தோளைப் பெரும்பாலும் மருத்துவர் கையை அசைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், எம்ஆர்ஐ வேண்டியிருக்காது.

இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 995ஐ அழையுங்கள்.

ஸ்கேன் எப்போது வேண்டும்

எம்ஆர்ஐ எடுத்தால்தான் நல்ல வைத்தியம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எக்ஸ்ரே மட்டும் எடுத்து அனுப்பினால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறோம். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், நாணில் படிந்த சுண்ணாம்பு எல்லாம் தெரியும். பந்து மேலேறி முகட்டு எலும்பை நெருங்கியிருந்தால் பழைய பெரிய கிழிவு இருக்கிறது என்ற குறிப்பும் அதிலேயே கிடைத்துவிடும். அல்ட்ராசவுண்டும் நல்ல கருவி. பழகிய கை எடுத்தால் நாணின் தடிமன் முழுவதும் ஊடுருவும் கிழிவைக் கண்டுபிடிப்பதில் எம்ஆர்ஐக்குக் கிட்டத்தட்டச் சமம். செலவும் குறைவு.

எம்ஆர்ஐ வேண்டியிருப்பது இப்படிப்பட்ட இடங்களில்: விழுந்ததும் கையில் பலம் போய்விட்டது, சில வாரம் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்தும் பலம் திரும்பவில்லை, அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்துவிட்டது. கிழிவு எவ்வளவு பெரிது, நாண் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது, தசை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றையும் ஒரே இடத்தில் காட்டுவது அதுதான். மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போது, "இந்தப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டு வையுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அறிக்கை வரும்போது உங்களுக்கு அதுதான் பிடிமானம்.

சீட்டும் செலவும்

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் தொடங்குவது நல்லது. அங்கிருந்து பரிந்துரைச் சீட்டோடு சிங்கப்பூர் பொது மருத்துவமனை, டான் டோக் செங், கூ டெக் புவாட் போன்ற அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் மருந்தகத்துக்குப் போனால் மானியக் கட்டணம். சாஸ் (தனியார் மருந்தகங்களில் மானியம் தரும் அரசாங்கத் திட்டம்) அட்டை உள்ளவர்கள் அத்திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகம் வழியாகவும் மானியச் சீட்டு வாங்கலாம். சீட்டில்லாமல் நேரே நிபுணரிடம் போனால் தனியார் நோயாளிக் கட்டணம்தான். மானியப் பாதையில் காத்திருப்பு நீளும், அதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள். ஸ்கேனுக்கு மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பைப் பயன்படுத்தலாம், ஆண்டுக்கு ஒரு வரம்பு உண்டு. மிச்சம் எவ்வளவு கையிலிருந்து போகும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். தனியாரில் சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. படம் தெளிவாகத் தெரிய உடலுக்குள் சாயத்திரவம் செலுத்தினால் அது தனி.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு மானியம் கிடையாது. ஆனால் வேலையில் பட்ட காயம் என்றால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, அதற்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது, முதல் மருத்துவரிடமே தேதி, இடம், என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எப்படி அடிபட்டது என்று முழுக்கச் சொல்லி எழுத வைப்பது. முதல் சீட்டில் "தோள் வலி" என்று மட்டும் இருந்து, மூன்று மாதம் கழித்து "சாரத்திலிருந்து சறுக்கினேன்" என்றால், இடையில் இருக்கும் மூன்று மாதத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும். மேலாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் தெரிவியுங்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) சீட்டுகளைப் படம் பிடித்து வையுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். வழி தெரியவில்லை என்றால் மனிதவள அமைச்சை நேரே அணுகலாம்.

உலோகப் படிவம்

ஸ்கேனுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். பெரும்பாலானவர்கள் வரிசையாக "இல்லை" என்று கோடிழுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, இதய ஸ்டென்ட், எலும்பில் வைத்த தகடு, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். பலவற்றோடு ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் எந்த மாதிரி, எந்த ஆண்டு வைத்தது என்று அவர்கள் சரிபார்க்க வேண்டும். ஊரில் வைத்ததென்றால் அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை வீட்டிலிருந்து படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

கப்பல் பட்டறையில் கிரைண்டிங், வெல்டிங் செய்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். என்னோடு வந்த ஓர் அண்ணன் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" சொல்லிவிட்டு, ஸ்கேன் அறைக் கதவருகில் பேச்சுவாக்கில், "மூணு வருஷம் முன்னாடி கண்ணுல இரும்புத் துகள் விழுந்துச்சு, எடுத்துட்டாங்க" என்றார். ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபர் அங்கேயே நிறுத்திவிட்டார். எடுத்ததுபோக ஒரு சிறு துணுக்கு கண்ணுக்குள் மிச்சம் இருந்தால், காந்தம் அதை அசைத்துப் பார்வையையே கெடுத்துவிடலாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, சுத்தமாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு வேறொரு நாளில்தான் ஸ்கேன் நடந்தது. அண்ணனுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று என்ற வருத்தம். எனக்கோ அந்தப் பேச்சு அந்தக் கதவருகில் வந்ததே என்ற நிம்மதி.

நகை விஷயம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் எந்த உலோகமும் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் கூடும். தாலிக்கொடி தொங்குவது தோளுக்குப் பக்கத்திலேயே. தாலியைவிடப் பெரிய தொந்தரவு அதில் மாட்டியிருக்கும் ஊக்குகள். அவை எஃகு. கழற்ற மனமில்லாத அக்காமார்கள் முந்தின நாள் வீட்டில் வைத்தே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு, கொடியைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் அறை வாசலில் கண்கலங்க வேண்டியிருக்காது. மெட்டி, மூக்குத்தி திருகு, ஆண்களுக்கு அரைஞாண், தாயத்து, காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். பல வருடம் கழற்றாத மூக்குத்தி திடீரென்று கழலாது, இரண்டு நாள் முன்னாலேயே எண்ணெய் விட்டுப் பாருங்கள். சிலர் முகத்தில் சுசுக் ஊசி (அழகுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்று தோலுக்கடியில் செருகும் மெல்லிய உலோக ஊசி) வைத்திருப்பார்கள், வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரேடியோகிராஃபரிடம் தனியாகச் சொல்லுங்கள். இந்த ஊரில் அவர்களுக்கு அது புதிதில்லை.

கண் மையும் வேண்டாம், சிலவற்றில் இரும்புத் தூள் இருக்கும். கர்ப்பமாக இருந்தாலோ, சாயத்திரவம் செலுத்தப்போவதாகச் சொல்லி உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ வாய் திறந்து சொல்லுங்கள். சாதாரணக் கிழிவைப் பார்க்கப் பெரும்பாலும் திரவம் தேவைப்படாது. கிண்ணத்தின் விளிம்புக் குருத்தெலும்பையோ நாணின் அடிப்பக்கக் கீறலையோ நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் மூட்டுக்குள்ளேயே ஊசி வழியாகத் திரவம் செலுத்தி எடுப்பார்கள். அதற்கு ஆர்த்ரோகிராம் என்று பெயர், முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள்.

குழாய்க்குள்

தோள் ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்க வேண்டாம் என்பதுதான் வழக்கம். கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். மல்லாந்து படுக்க வைத்து, தோள்மேல் ஒரு கவசம் மாட்டுவார்கள். அதுதான் சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருள், ஆங்கிலத்தில் 'காயில்' என்பார்கள். கை உடலோடு ஒட்டி, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும். வலிக்கும் தோளோடு மல்லாந்து கிடப்பதே சிலருக்குக் கஷ்டம். வலி மாத்திரை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முழங்கைக்கு அடியில் ஒரு சிறு தலையணை கேட்டால் தருவார்கள்.

கையை வயிற்றின் மேல் வைக்காதீர்கள். மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்கும், கையும் ஏறி இறங்கும், தோள் ஆடும், படம் மங்கும். சும்மா படுத்திருக்கிறோமே, இதில் என்ன தப்பு நடக்கும் என்று தோன்றும். நான் அப்படித்தான் என்னை அறியாமல் கையை வயிற்றுக்கு நகர்த்திவிட்டேன், ஒரு வரிசைப் படத்தை மறுபடி எடுத்தார்கள்.

சத்தம் பெரிதாக இருக்கும். சுத்தியலும் துளைக்கருவியும் மாறி மாறி ஓடுவதுபோல. காதடைப்பான் தருவார்கள், நன்றாக உள்ளே அழுத்துங்கள். ஒவ்வொரு வரிசையும் சில நிமிடம், மொத்தம் 20 முதல் 45 நிமிடம். சத்தம் நின்ற இடைவெளியில் எச்சில் விழுங்கலாம், ஆனால் தோளை நகர்த்தக் கூடாது. அறை குளிரும், போர்வை கேளுங்கள். இன்னொரு கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், அமுக்கினால் உடனே ஆள் வருவார். ஒடுங்கிய இடத்தில் பயம் வரும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். கண்ணை உள்ளே போவதற்கு முன்பே மூடிக்கொள்வது எனக்கு உதவியது. கந்த சஷ்டி கவசத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது என்றார் ஒரு பாட்டி. கதிர்வீச்சு பயம் வேண்டாம். இதில் எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் வானொலி அலையும்தான்.

அறிக்கையைப் படிப்பது

நல்ல நாண் படத்தில் கறுப்பாகத் தெரியும். நீர் வெள்ளையாகத் தெரியும்படி எடுத்த வரிசையில், கறுப்புப் பட்டையின் நடுவே வெள்ளைக் கோடு ஓடினால் அது கிழிவு. சாம்பல் நிறமாக ஊதியிருந்தால் டெண்டினோசிஸ், அதாவது நைந்த நாண், கிழியவில்லை. நாண் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில் நல்ல நாணும் சில வரிசைகளில் வெளுத்துத் தெரியும். அதனால்தான் ஒரு படத்தைப் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது. படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் எழுதுகிறார்.

அதிகம் பயமுறுத்தும் சொல் "ஃபுல் திக்னஸ் டேர்". ஃபுல் என்றதும் முழுக்க அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேட்டியில் நெருப்புப் பொறி பட்டு ஓர் ஓட்டை விழுகிறது என்று வையுங்கள். ஓட்டை துணியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகிறது. ஆனால் வேட்டி இரண்டாகவில்லை. அதுதான் முழுத் தடிமன். "பார்ஷியல்" என்றால் நூல் பிரிந்து துணி மெலிந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை. அதனால் அடுத்து வரும் சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் அளவுகோல் இது: 1 செ.மீ.க்குக் குறைவு சிறியது, 1 முதல் 3 நடுத்தரம், 3 முதல் 5 பெரியது, 5ஐத் தாண்டினால் மிகப் பெரியது.

"ரிட்ராக்ஷன்" என்றால் அறுந்த நுனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பது. இழுத்துக் கட்டிய ரப்பர் அறுந்தால் சுருங்கிப் போகுமே, அதுபோல. "ஃபேட்டி இன்ஃபில்ட்ரேஷன்" என்று பார்த்துவிட்டு ஓர் அக்கா நெய்யை நிறுத்திவிட்டார். இந்தக் கொழுப்புக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. நாண் அறுந்து இழுவிசை இல்லாமல் போன தசைக்குள் கொழுப்பு புகுந்துவிடுகிறது. இதை 'கூட்டாலியே' என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் அளவுகோலில் 0 முதல் 4 வரை எழுதுவார்கள். 2 என்றால் கொழுப்பைவிடத் தசை அதிகம், 3 என்றால் சரிபாதி, 4 என்றால் கொழுப்பே அதிகம். நாணைத் தைத்தாலும் புகுந்த கொழுப்பு பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. அடிபட்டு முழுதாகக் கிழிந்த இளவயது ஊழியர் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்று நான் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிழிவு இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. ஆகவே 65 வயது அப்பாவின் அறிக்கையில் கிழிவு என்று எழுதியிருப்பதால் மட்டும் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. மருத்துவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்ததும் படத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். தேய்மானக் கிழிவு உள்ள பலருக்கு முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையே கையைத் திருப்பித் தந்திருக்கிறது.

மருத்துவரிடம் திரும்பிப் போகும்போது

அறிக்கையின் கடைசியில் "இம்பிரஷன்" என்ற பத்தி இருக்கும், அதை முதலில் படியுங்கள். பிறகு மூன்று கேள்வி: எந்த நாண், எவ்வளவு? இது புதுக் கிழிவா, பழசா? மூன்று மாதம் பயிற்சி மட்டும் செய்தால் எனக்கு என்ன நஷ்டம்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அறுவை சிகிச்சை அவசரமா இல்லையா என்பது தெரியும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவு முகப்பில் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களையும் குறுவட்டில் (சிடி) பதிந்து வாங்குங்கள். அங்குள்ள எலும்பு மருத்துவர் தாளைவிடப் படத்தைத்தான் கேட்பார். கேட்ட அன்றே கிடைக்காது, கட்டணமும் உண்டு, அதனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பம் கொடுங்கள். வட்டை உடுப்புப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள்.